பள்ளிச் செலவும் சொத்து வரியும்: மாசசூசெட்ஸ் ஊர் பட்ஜெட்டை வாசிக்கவும் அதில் பேசவும் ஒரு வழிகாட்டி

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புறநகர் ஊர்களில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் பள்ளியைப் பார்த்தே ஊரைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் அந்தப் பள்ளிகளுக்கான பணத்தில் பெரும்பங்கு தாம் கட்டும் சொத்து வரியிலிருந்தே போகிறது என்பதும், அந்த வரியின் அளவைப் பற்றி ஊருக்குள் ஆண்டுதோறும் இழுபறி நடக்கிறது என்பதும், ‘ஓவர்ரைடு’ (ஊரின் வரி வரம்பை நிரந்தரமாக உயர்த்தக் கேட்கும் வாக்கெடுப்பு) என்று எழுதிய பலகைகள் வீட்டு முன்புறப் புல்வெளிகளில் முளைக்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகின்றன. அந்த நேரத்தில் ஆம், இல்லை என்று வாக்களிப்பதைத் தவிரச் செய்வதற்கு அதிகம் மிஞ்சியிருப்பதில்லை.

அதற்குப் பல மாதங்கள் முன்பே பட்ஜெட்டைக் கையில் எடுக்க விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பட்ஜெட்டில் எந்தத் தொகையைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள்: இந்தச் செலவு ஆண்டுதோறும் வருமா? இதற்கு ஒதுக்கியிருக்கும் பணம் ஆண்டுதோறும் வருமா? பள்ளியின் பக்கம், வரி செலுத்துவோரின் பக்கம் என்று இரு கட்சிகளாகப் பிரிந்து நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை, ஒருமுறை மட்டும் கிடைத்த பணத்தை நிரந்தரச் செலவுக்கு வைத்த ஏதோ ஒரு பழைய முடிவில் தொடங்கியவை என்பது என் கணிப்பு.

முதலில் வரம்பைப் புரிந்துகொள்ளுங்கள்

1980 நவம்பரில் மாநில வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றிய ‘ப்ரொபோசிஷன் இரண்டரை’ என்ற சட்டம்தான் எல்லா ஊர்களின் கணக்குக்கும் எல்லை வகுக்கிறது. ஓர் ஊர் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரி, அந்த ஊரின் வரிக்குரிய சொத்துகள் அனைத்தின் சந்தை மதிப்பில் 2.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது முதல் வரம்பு. சென்ற ஆண்டுக்குரிய வரம்பைவிட 2.5 விழுக்காடும், புதிய கட்டுமானங்களால் கிடைக்கும் வரியும் மட்டுமே இந்த ஆண்டு கூடலாம் என்பது இரண்டாவது வரம்பு. வீட்டு மதிப்பு அதிகமாக உள்ள ஊர்களில் முதல் வரம்பு வெகு தொலைவில் இருப்பதால், நடைமுறையில் இறுக்குவது இரண்டாவது வரம்பே.

இந்த வரம்பு ஊரின் மொத்த வசூலுக்கு உரியது, உங்கள் வீட்டு வரிச்சீட்டுக்கு உரியதன்று. ஊரில் மற்ற வீடுகளைவிட உங்கள் வீட்டின் மதிப்பு வேகமாக ஏறியிருந்தால், எந்த ஓவர்ரைடும் இல்லாத ஆண்டிலேயே உங்கள் வரி ஆறு, ஏழு விழுக்காடு கூடலாம். அதுபோலவே, ஊரில் எல்லா வீடுகளின் மதிப்பும் ஒரே அளவில் உயர்ந்தால் ஊருக்குக் கூடுதல் பணம் எதுவும் வந்துவிடாது. வரி விகிதம் அதற்கேற்பக் குறைந்துவிடும். ‘வீட்டு விலை இவ்வளவு ஏறிவிட்டதே, ஊருக்குப் பணம் கொட்டியிருக்குமே’ என்று கூட்டங்களில் கேட்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஒரு கற்பனை ஊரை வைத்துக் கணக்கிடுவோம். வரிக்குரிய சொத்துகளின் மொத்த மதிப்பு 800 கோடி டாலர். சொத்து வரி வசூல் 10 கோடி டாலர். ஆயிரம் டாலர் மதிப்புக்கு 12.50 டாலர் வரி. மதிப்பு ஒன்பது லட்சம் டாலர் உள்ள வீட்டுக்காரர் ஆண்டுக்கு 11,250 டாலர் கட்டுகிறார். சட்டப்படி அடுத்த ஆண்டு 25 லட்சம் டாலரும், புதிய கட்டுமானங்களால் ஒரு 10 லட்சமும் சேர்ந்து 35 லட்சம் டாலர் கூடுதலாக வரலாம். பள்ளிகளின் பட்ஜெட் 7 கோடி டாலராக இருந்து, அது 5 விழுக்காடு கூடுதலாகக் கேட்டால், கேட்கும் தொகையும் அதே 35 லட்சம். காவல், தீயணைப்பு, நூலகம், சாலை, ஊழியர் மருத்துவக் காப்பீடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்து மிஞ்சுவது ஒன்றுமில்லை. இதில் யாரும் ஊதாரித்தனமாகச் செலவழித்திருக்க வேண்டிய அவசியமில்லை. வரவு மூன்றரை விழுக்காடு வளரும்போது செலவு நான்கரை, ஐந்து என்று வளர்ந்தால் சில ஆண்டுகளில் எந்த ஊரும் இந்த நிலைக்கு வந்துசேரும்.

மாநில அரசு ‘சாப்டர் 70’ என்ற பெயரில் பள்ளிகளுக்கு உதவித்தொகை தருகிறது. 1993ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் வகுத்த முறைப்படி ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் ஓர் அடிப்படை பட்ஜெட் கணக்கிடப்பட்டு, அதில் ஊர் தன் சொத்து மதிப்புக்கும் குடியிருப்போர் வருமானத்துக்கும் ஏற்பத் தரவேண்டிய பங்கு குறிக்கப்படுகிறது. வசதியான ஊர்கள் அந்த அடிப்படை பட்ஜெட்டில் 82.5 விழுக்காடு வரை தாமே சுமக்கவேண்டும் என்பது இலக்கு. 2019ஆம் ஆண்டின் மாணவர் வாய்ப்புச் சட்டம் கொண்டுவந்த பெரிய உயர்வுகள் வருமானம் குறைந்த நகரங்களை நோக்கியவை, அது நியாயமானதே. ஆகவே உங்கள் ஊர் வசதியான புறநகராக இருந்தால், ‘மாநிலத்திடம் கேட்டு வாங்கலாமே’ என்ற யோசனையை அதிகம் நம்பவேண்டாம்.

எந்த மாதத்தில் எங்கே போவது

நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. அக்டோபர், நவம்பரிலேயே அடுத்த ஆண்டுக்கான வரவு மதிப்பீடும், பள்ளிக்கும் பிற துறைகளுக்கும் செலவு எவ்வளவு கூடலாம் என்ற வழிகாட்டு விழுக்காடும் பேசப்படுகின்றன. உண்மையான பங்கீடு பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது என்றாலும், அந்தக் கூட்டங்களில் நாற்காலிகள் காலியாகவே இருக்கும். டிசம்பர், ஜனவரியில் பள்ளிக் கண்காணிப்பாளர் தம் வரைவை, ஊர்ப் பள்ளிகளுக்குப் பொறுப்பான பள்ளிக் குழுவின் முன் வைக்கிறார். ஜனவரி இறுதியில் ஆளுநரின் பட்ஜெட்டோடு சாப்டர் 70 தொகையின் முதல் மதிப்பீடு வருகிறது. பிப்ரவரி, மார்ச்சில் பள்ளிக் குழுவின் பொது விசாரணையும், ஊர் நிதிக் குழுவின் ஆய்வும் நடக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில், ஊர் பட்ஜெட்டை வாக்கெடுத்து நிறைவேற்றும் கூட்டமான டவுன் மீட்டிங் நடக்கும்.

இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்வதற்கு வலுவான சட்டக் காரணம் உண்டு. டவுன் மீட்டிங் பள்ளிகளுக்கான மொத்தத் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். அந்தத் தொகைக்குள் எந்த வேலைக்கு எவ்வளவு என்பதை அது கட்டுப்படுத்த முடியாது. அந்த அதிகாரம் பள்ளிக் குழுவுக்கே உரியது. எனவே, ‘நூலகரை நீக்கவேண்டாம், மத்திய அலுவலகத்தில் ஓர் இடத்தைக் குறையுங்கள்’ என்று சொல்ல விரும்புவோர் மே மாதம் டவுன் மீட்டிங்கின் ஒலிபெருக்கி முன் நின்று சொல்வதால் எந்தப் பயனும் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் பள்ளிக் குழுவின் விசாரணையில் சொல்லவேண்டும். அந்த விசாரணைக்கு ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும் என்றும், வரைவு பட்ஜெட் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக மக்கள் பார்வைக்குக் கிடைக்கவேண்டும் என்றும் மாநிலச் சட்டம் சொல்கிறது.

குடியுரிமை இல்லாதவர்கள் டவுன் மீட்டிங்கிலும் ஓவர்ரைடு தேர்தலிலும் வாக்களிக்க முடியாது. பச்சை அட்டைக்காகப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்து, அவ்வளவு காலமும் முழு வரியும் கட்டிவருவோருக்கு இது உறுத்தலாகத்தான் இருக்கும். ஆனால் பள்ளிக் குழுவிலும் நிதிக் குழுவிலும் மக்கள் பேசும் நேரத்தில் கருத்துச் சொல்வதற்கும், எழுத்தில் கேள்வி அனுப்புவதற்கும் வாக்குரிமை தேவையில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் இடம்பெறும் பள்ளி ஆலோசனைக் குழு ஒன்று 1993 சட்டப்படி இருக்கிறது; தலைமையாசிரியர் தம் பள்ளியின் பட்ஜெட்டை அதனுடன் பேசவேண்டும். நம்மவர்கள் அதில் அதிகம் போட்டியிடுவதில்லை, போட்டியிடவேண்டும்.

பள்ளி பட்ஜெட்டில் எதைத் தேடுவது

இருநூறு பக்க ஆவணத்தை முதலிலிருந்து படிக்கவேண்டியதில்லை. முதலில் மாணவர் எண்ணிக்கையையும், முழுநேர ஊழியர் எண்ணிக்கையையும் ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு அடுத்தடுத்து எழுதிக்கொள்ளுங்கள். மாணவர் குறைந்தும் ஊழியர் கூடியிருந்தால், கூடியவர்கள் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் சிறப்புக் கல்வி உதவியாளர்கள், உளநல ஆலோசகர்கள், ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் என்று விடை வரும். அவற்றுள் பல சட்டம் கட்டாயப்படுத்துபவை. எதிர்ப்பக்கம் எழும் எளிய வாதத்தையும் அப்படியே ஏற்கவேண்டாம். ‘நாற்பது பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இரண்டு ஆசிரியர்களைக் குறைக்கலாமே’ என்பார்கள். அந்த நாற்பது பேரும் மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பதின்மூன்று நிலைகளிலும், ஐந்தாறு கட்டடங்களிலும் சிதறிக் குறைந்திருந்தால் ஒரு வகுப்பறைகூட மூடப்படாது. அதே சமயம், பத்தாண்டில் முந்நூறு பேர் குறைந்தும் வகுப்புப் பிரிவுகள் அப்படியே இருந்தால் அதற்கு விளக்கம் கேட்க வரி செலுத்துவோருக்கு முழு உரிமை உண்டு.

அடுத்தது சம்பள ஒப்பந்தம். பள்ளிச் செலவில் பெரும்பகுதி சம்பளமே. ஆசிரியர் சம்பள அட்டவணையில் அனுபவத்துக்கு ஏற்ப ஏறும் படிகளும், பட்டத்துக்கு ஏற்ப மாறும் நிரைகளும் உள்ளன. அவற்றுக்கு மேல்தான் ஒப்பந்தத்தின் பொது உயர்வு வருகிறது. செய்தியில் ‘இரண்டு விழுக்காடு உயர்வு’ என்று வரும் ஒப்பந்தம், படியேற்றத்தையும் சேர்த்தால் அதைவிடக் கணிசமாகக் கூடுதலான செலவாக முடியலாம். மூத்த ஆசிரியர்கள் ஓய்வுபெற்று இளையவர்கள் வரும்போது ஒரு பகுதி திரும்பவும் கிடைக்கும். இந்த மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தம் பொதுவாக மூன்றாண்டுக்கு இருப்பதால், அது கையெழுத்தாகும் ஆண்டில்தான் அடுத்த மூன்று பட்ஜெட்டுகளின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. பேச்சுவார்த்தையில் ஊர் நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் பள்ளிக் குழு உறுப்பினரைப் போலவே வாக்குரிமையுடன் அமரவேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. உங்கள் ஊரில் அவர் உண்மையில் அமர்ந்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஊர்களைத் திடீரென்று உலுக்குவது சிறப்புக் கல்விச் செலவு. தனியார் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பப்படும் ஒரு பிள்ளைக்கே ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆகக்கூடும். அந்தக் கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில அரசு. 2024ஆம் நிதியாண்டுக்கு அது அனுமதித்த உயர்வு 14 விழுக்காடு. வரவு இரண்டரை, மூன்றரை விழுக்காடு மட்டுமே வளரும் ஊர்களுக்கு அதைச் சமாளிப்பது கடினம். ஒரு வரம்புக்கு மேற்பட்ட செலவில் 75 விழுக்காடு வரை ‘சர்க்யூட் பிரேக்கர்’ என்ற திட்டத்தின் கீழ் மாநிலம் திருப்பித் தருகிறது, ஆனால் அந்தப் பணம் அடுத்த ஆண்டுதான் வரும். ஆகவே பள்ளி நிர்வாகம் கையில் வைத்திருக்கும் சர்க்யூட் பிரேக்கர் இருப்பு மூன்றாண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால், வெளியே சமன்பட்டதாகத் தெரியும் பட்ஜெட் உள்ளே ஓட்டையாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எதிர்பாராத சிறப்புக் கல்விச் செலவுக்கென்று ஊரும் பள்ளியும் சேர்ந்து தனி இருப்பு நிதி ஒன்றை வைத்துக்கொள்ளச் சட்டம் 2016 முதல் இடம் தருகிறது. உங்கள் ஊரில் இல்லையென்றால், முன்மொழிவதற்கு இது நல்ல விஷயம்.

பெருந்தொற்றுக் காலத்தில் வந்த கூட்டாட்சி அரசின் பள்ளி உதவிநிதி, தொடக்கத்தில் சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் சரியான பாடம். அந்தப் பணத்துக்கு 2024 செப்டம்பர் இறுதி என்று கெடு முதலிலேயே தெரிந்திருந்தது. காற்றோட்டக் கருவி வாங்கிய ஊர்களுக்குப் பின்னர் எந்தத் தொல்லையும் இல்லை. ஆசிரியர்களையும் ஆலோசகர்களையும் நியமித்த ஊர்கள், நிதி முடிந்ததும் அந்தச் சம்பளத்தைத் தம் பட்ஜெட்டுக்குள் இழுத்துக்கொள்ளவோ வேலையை நீக்கவோ வேண்டியதாயிற்று. ‘ஃப்ரீ கேஷ்’ எனப்படும் முந்தைய ஆண்டின் மிச்சமும் இத்தகையதே. கூரையைச் சரிசெய்யவும் பேருந்து வாங்கவும் அது ஏற்றது. சம்பளத்துக்கு எடுத்தால் அடுத்த ஆண்டு இரு மடங்கு பள்ளம் விழும்.

பள்ளிக்காக ஊர் செய்யும் செலவுகள் சில பள்ளி பட்ஜெட்டில் தென்படுவதே இல்லை. ஆசிரியர் ஓய்வூதியத்தை மாநிலம் ஏற்கிறது. ஆனால் அவர்களுடைய மருத்துவக் காப்பீடு பல ஊர்களில் ஊர்ப் பொதுச்செலவின் கீழ் எழுதப்படுகிறது. பள்ளிக் கட்டடக் கடனும் அப்படியே. ‘மொத்த பட்ஜெட்டில் பள்ளிக்கு இத்தனை விழுக்காடு’ என்று யாராவது சொன்னால், இவை சேர்ந்ததா சேராததா என்று கேட்டுவிட்டுப் பிறகு வாதாடுங்கள்.

ஓவர்ரைடு கேள்வி வரும்போது

ஓவர்ரைடு என்பது 2.5 விழுக்காட்டு வரம்பை நிரந்தரமாக உயர்த்துவது. உயர்த்திய தொகை அடுத்த ஆண்டின் அடித்தளத்தில் சேர்ந்து, அதன்மேலும் ஆண்டுதோறும் இரண்டரை விழுக்காடு வளரும். கட்டடத்துக்கான கடன் விலக்கு (கடன் தவணையை வரி வரம்பில் சேர்க்காமல் விலக்குவது) வேறு வகை: கடன் தீரும்வரைதான் கூடுதல் வரி. இரண்டுக்கும் வாக்காளர் பெரும்பான்மை போதும்; ஆனால் கேள்வியை வாக்குச்சீட்டில் வைக்க ஓவர்ரைடுக்கு ஊர் நிர்வாகக் குழுவான செலக்ட் போர்டின் பெரும்பான்மையும், கடன் விலக்குக்கு அதன் மூன்றில் இரண்டு பங்கும் தேவை. தேர்தலில் வென்றாலும், பணத்தை ஒதுக்குவதற்கு டவுன் மீட்டிங்கின் ஒப்புதல் தனியாக வேண்டும்.

வீட்டுக்கு எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிடலாம். முன் சொன்ன கற்பனை ஊர் 40 லட்சம் டாலர் ஓவர்ரைடு கேட்கிறது என்றால், அதை 800 கோடியால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள்: ஆயிரத்துக்கு 50 சென்ட். ஒன்பது லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 450 டாலர். வீட்டுக்கும் வணிகத்துக்கும் தனி விகிதம் உள்ள ஊரில் இது சற்று மாறும். ‘நாளுக்கு ஒரு காப்பி விலைதான்’ என்று பிரசாரத் துண்டறிக்கைகள் எழுதுவதை நான் விரும்புவதில்லை. முழுத் தொகையையும், அது நிரந்தரம் என்பதையும் சொல்லி வாக்குக் கேட்பதே முறை.

தொகையைவிட முக்கியமான கேள்வி, இது எத்தனை ஆண்டு தாங்கும் என்பது. ஆர்லிங்டன் ஊர் 2005இல் 60 லட்சம் டாலர் ஓவர்ரைடு கேட்டபோது, ஐந்தாண்டுக்கு மறுபடி கேட்பதில்லை என்றும், பள்ளி, ஊர் ஆகிய இரு தரப்பின் செலவு வளர்ச்சிக்கும் உச்சவரம்பு வைப்பதாகவும் உறுதி கூறியது. அடுத்த ஓவர்ரைடு 2011இல்தான் வந்தது. அதன்பின் 2019, 2023. முதல் ஆண்டுகளில் மிஞ்சும் பணத்தைத் தனியே ஒதுக்கிவைத்துப் பின்னாண்டுகளின் பற்றாக்குறைக்கு எடுப்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை. ஆண்டுதோறும் சிறு தொகை கேட்டு ஊரைப் பிளப்பதைவிட இது மேல் என்று நினைக்கிறேன். அதற்கு வாக்குறுதி எழுத்தில் இருக்கவேண்டும். ஏனெனில் வாக்குச்சீட்டில் குறிப்பிட்ட நோக்கம் சட்டப்படி முதல் ஆண்டை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. பிந்தைய ஆண்டுகளில் அந்தத் தொகை ஊரின் பொதுப் பணத்தோடு கலந்துவிடும்.

வாக்காளர்கள் இரு வகைக் கேள்விக்கும் ஒரே விடை தருவதில்லை. நியூட்டன் நகரில் 2023 மார்ச்சில் இரண்டு தொடக்கப்பள்ளிக் கட்டடங்களுக்கான கடன் விலக்குகள் நிறைவேறின. அன்றே சுமார் 92 லட்சம் டாலர் செயல்பாட்டு ஓவர்ரைடு தோற்றது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஒப்பந்தப் பேச்சு முறிந்து, மாநிலச் சட்டம் தடைசெய்த ஆசிரியர் வேலைநிறுத்தம் பதினொரு பள்ளி நாள்கள் நீடித்தது. கண்ணுக்குத் தெரியும் கட்டடத்துக்குப் பணம் தருவது எளிது. அதற்குள் வேலை செய்வோருக்கு ஆண்டுதோறும் தருவது பற்றிப் பேசத்தான் நீண்ட தயாரிப்பு வேண்டும்.

வரி கட்ட முடியாதவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது

ஓவர்ரைடை எதிர்ப்போர் எல்லாரும் பள்ளிக்குப் பகைவர்கள் அல்லர். ஓய்வூதியத்தில் வாழும் எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு வீட்டின் மதிப்பு பத்து லட்சமாக இருக்கலாம், கையில் வரும் பணம் மாதத்துக்கு மூவாயிரமாக இருக்கலாம். ‘பள்ளி நன்றாக இருந்தால் உங்கள் வீட்டு விலை ஏறும்’ என்பது விற்கப்போகாத அவருக்கு மேலும் ஒரு வரிச்சீட்டாகத்தான் கேட்கும். அவரிடம் அந்த வாதத்தைத் தவிருங்கள்.

அதற்குப் பதில் நிவாரணத்தையும் ஓவர்ரைடையும் ஒரே பொட்டலமாக முன்வையுங்கள். 65 வயதுக்கு மேற்பட்டோர் தகுதியிருந்தால் வரியைத் தள்ளிப்போட்டு, வீடு கைமாறும்போது வட்டியோடு கட்டும் வசதி ஏற்கெனவே சட்டத்தில் உண்டு. ஊருக்காக வேலை செய்து வரியைக் கழித்துக்கொள்ளும் முதியோர் திட்டத்தின் உச்சவரம்பை மாநிலம் 2023இல் 2,000 டாலராக உயர்த்தியது. சட்பரி ஊர் 2012இல் மாநிலத்தின் சிறப்புச் சட்டம் பெற்று, வருமானம் குறைந்த முதியோருக்கு வரியைக் குறைத்து, அந்தச் சுமையை மற்ற வீட்டு உரிமையாளர்கள்மீது பரப்பும் முறையைக் கொண்டுவந்தது. வேறு பல ஊர்கள் அதைப் பின்பற்றின. இதில் ஊரின் மொத்த வசூல் குறையாது என்பதால் பள்ளிக்கு நட்டமில்லை. இளம் பெற்றோர் வீட்டுக்குச் சில பத்து டாலர்கள் கூடுதலாகக் கட்டவேண்டியிருக்கும். அதை அவர்களே முன்வந்து ஆதரித்தால் ஊரில் பேச்சின் தொனி மாறும்.

பேசும்போது இரண்டு நிமிடங்களுக்கு மேல் கிடைக்காது. பிள்ளையின் கதையை முதல் இருபது நொடிக்குள் முடித்துவிட்டு, ஒரு பக்க எண்ணையும் ஒரு தொகையையும் ஒரு கேள்வியையும் சொல்லுங்கள்: ‘43ஆம் பக்கத்தில் சர்க்யூட் பிரேக்கர் இருப்பிலிருந்து நான்கு லட்சம் எடுக்கிறீர்கள், அடுத்த ஆண்டு அந்த நான்கு லட்சம் எங்கிருந்து வரும்?’ பதில் கூட்டக் குறிப்பில் பதிவாகும். பதில் வராவிட்டால் அதே கேள்வியை நிதிக் குழுவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். அடுத்த இலையுதிர்காலத்தில் ஃப்ரீ கேஷ் தொகையை உறுதிசெய்யும் சான்றிதழ் வெளியாகி, வரி விகிதக் கூட்டமும் நடக்கும்போது அந்த எண்ணை மீண்டும் எடுத்துச் சரிபாருங்கள்.